தில்லைக் கொப்பு

விடியுமுன்பே சங்ககிரிக் கொட்டகையில் இலை உருவும் வேலை தொடங்கிவிட்டது. கடலோரத்திலிருந்து லாரியில் வந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டியதும் சேற்று வாடை குப்பென்று அடித்தது. உண்ணாமலையும் மயிலம்மாளும் எதிரெதிரே குந்தி, முருங்கைக்கீரை உருவுகிற பழக்கத்தில் கொப்பைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தார்கள். அன்று வந்தது தில்லை. ஒடித்த இடமெல்லாம் பால் வடிகிற மரம். பட்டால் கண்ணையே கெடுத்துவிடும். கடலைக் கண்ணால் பார்த்திராத அவர்களுக்கு அதையெல்லாம் யார் சொன்னார்கள்?

முதலாளி சுவாமிநாதனுக்குத் தெரியும். இறால் குட்டையில் நோய்க்கிருமியைக் கொல்வது இந்த இலைச்சாறுதான் என்று மேடை மேடையாகப் பேசுகிற மகராசன் அவர். மருந்து டப்பாவில் பச்சை எழுத்தில் ‘இயற்கை’ என்று போட்டுக்கொள்வார். கையுறை கேட்டால் மட்டும், "தழை உருவ உறை எதுக்கு?" என்று இளிப்பார்.

பால் தெறித்து மயிலம்மாளின் கண்ணில் பட்டது. சட்டென்று முந்தானையால் இரண்டு கண்ணையும் துடைத்தாள். முந்தானை முழுக்க அதே பால். "ஐயோ, எரியுதே!" உண்ணாமலை அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். அதற்குள் இரண்டு இமையும் வீங்கி மூடிக்கொண்டன.

சுவாமிநாதன் வந்தார். பதறினாரா? அதுதான் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க, வேண்டாங்கல. காட்டுல எருக்கம்பால் பட்டுருச்சுன்னு சொல்லோணும். இங்கன்னு வாயத் தொறக்கக் கூடாது."

"ஏனுங்க, எந்தப் பாலுன்னு தெரியாம டாக்டரு எப்படிங்க பாப்பாரு? கண்ணு போயிட்டா நீங்க குடுப்பீங்களா?" என்றாள் உண்ணாமலை.

"எறாலுக்கே ஒண்ணும் பண்ணாத மருந்து, இவள என்ன பண்ணீரும்?"

"அப்ப உங்க கண்ணுல ஒரு சொட்டு உட்டுக்குங்க, சாமி." பால் வடியும் கொப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மகராசன் சட்டென்று பின்வாங்கினார். கொட்டகை மொத்தமும் அதைப் பார்த்தது. சீ, இவ்வளவுதானா இந்த ஆள்! உண்ணாமலைக்குக் காறித் துப்பத் தோன்றியது. இந்த ஆளுக்குப் போயா இத்தனை நாள் பயந்து கிடந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"அங்க போயி உளர்றவ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்," என்றார், முகம் கறுத்து.

பக்கத்து வரிசையில் இலை உருவிக்கொண்டிருந்த ஜானகியம்மாள் கையிலிருந்த கொப்பைக் கீழே போட்டாள். "கையுறையும் கண்ணாடியும் வர்ற வரைக்கும் எங்களுக்கும் உங்க வேல வேண்டாமுங்க."

அடுத்தடுத்துக் கொப்புகள் விழுந்தன. மூலையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஆண்டியும் ஊசியைச் செருகிவிட்டு எழுந்தார்.

டாக்டரிடம் காட்டத் தில்லைக் கொப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மயிலம்மாளை டெம்போவில் ஏற்றினாள் உண்ணாமலை. கண் திறக்க முடியாத மயிலம்மாள் காற்றில் துழாவினாள்.

"எனக்காவ உங்க வேலையும் போயிருமே... ஆரு ஆரு வாரீங்க?"

"நானு," என்றாள் உண்ணாமலை.

"நானுங்க." "நானும்தான்." குரல்கள் ஏறிக்கொண்டே இருந்தன. டெம்போ நிறைந்தது. இடம் கிடைக்காதவர்கள் பின்னாலேயே நடந்தார்கள்.