ரம்ப ரொட்டி

நூற்று எண்பத்தாறு டாலர் நாற்பது சென்ட். கொன்செட்டா அம்மாளின் ரொட்டிக்கடைக்கு தேவநேசன் தர வேண்டிய பாக்கி இவ்வளவுதான். பெரிய பணமா என்றால் இல்லை. வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் மச்சினன் சைலஸ் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனால் அதைவிடக் கூட ஆகும். ஆனால் பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறவனுக்கு, அதிலும் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடந்தவனுக்கு, அது மலைதான்.

அந்த மூன்று மாதமும் வீட்டில் ரொட்டி இல்லாமல் போகவில்லை. ட்ரெண்டன் பக்கத்தில் கடை இருக்கும் தெரு ஒரு காலத்தில் முழுக்க இத்தாலிக்காரர்கள் இருந்த தெரு. இப்போது பாதிப்பேர் போய்விட்டார்கள். கடை மட்டும் அதே மூலையில் நிற்கிறது. உள்ளே போனால் நம்பர் சீட்டுக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலு பேர் ரொட்டி வாங்க வந்தால் நாற்பது பேர் வந்த மாதிரிப் பேச்சு. ரொட்டியின் மேல்தோல் போன வாரம்போல இல்லை என்று ஒரு கிழவி சண்டை பிடிப்பாள். உன் பல்தான் போன வாரம்போல இல்லை என்று கொன்செட்டா அம்மாள் கல்லாவிலிருந்தே திருப்பிக் கொடுப்பாள். தேவநேசன் மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றபோது மட்டும் அவள் வாயாடவில்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "கை சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றாள்.

ஜனவரி கடைசியில் அவனாகவேதான், "மொத்தம் எவ்வளவும்மா?" என்று கேட்டான். அவள் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையைச் சொன்னாள். கேட்ட நாளிலிருந்து அவனுக்குக் கடைக்குள் கால் வைக்கக் கூசியது. கடைக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். அவன் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிப் பின்தெரு வழியாக வீட்டுக்கு நடப்பான். கண்ணாடி வழியாக அவள் பார்த்துவிடக் கூடாது. பார்வையிலிருந்து தப்பிக்கலாம், வாசனையிலிருந்து தப்பிக்க முடியுமா? அது பின்தெருவுக்கும் வந்தது.

கை சரியாகி, ரெண்டு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து, மார்ச் மாதம் நடுவில் பணத்தைச் சேர்த்துவிட்டான். சில்லறை நாற்பது சென்ட் வரைக்கும் சரியாக எண்ணி ஒரு கவரில் போட்டு வைத்தான். நாளை போகலாம், நாளன்றைக்குப் போகலாம் என்று இருந்தபோதுதான் புதன்கிழமை சாயங்காலம் ஜூலியட் வேலை முடிந்து மூச்சிரைக்க வந்தாள்.

"கொன்செட்டா அம்மா பஸ் ஸ்டாப்புக்கே வந்து கையப் பிடிச்சிக்கிட்டா."

தேவநேசனின் கை கவரைத் தேடியது. "பணம் கேட்டாளா?"

"பணத்தப் பத்திப் பேசல. நாளைக்குப் பதினோரு மணிக்கு மூணு பேரும் வரணுமாம். முன்வாசல்ல நின்னு கதவத் தட்டணுமாம்."

"கடைக் கதவ எதுக்குத் தட்டணும்? தள்ளிக்கிட்டுப் போறதுதான?"

"தட்டணும்னுதான் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா."

"பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுதா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க கிறிஸ்தவங்கதானன்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப உங்களுக்கே தெரியும்னு சொல்லிச் சிரிச்சா."

"நீ என்ன சொன்ன?"

"தலைய ஆட்டினேன்."

"பூம்பூம் மாடு தோத்துது போ! எதுக்கெடுத்தாலும் ஆட்டுத தலைய அங்கயும் ஆட்டிட்டு வந்திருக்க." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்னு வேதத்துல இருக்குல்லா, அதத்தான் குத்திக் காட்டுதா. பெண்டாட்டி பிள்ளையோட வெளிய நிக்க வச்சி நாலு பேரு முன்னால கேக்கப் போறா."

"அவ அப்படிப்பட்ட பொம்பள இல்லங்க."

"பின்ன எதுக்குட்டி தட்டச் சொல்லணும்?"

ஜூலியட் பேச்சை மாற்றினாள். பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். பத்து வயது மகள் ஜெபினா போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஜஸ்ட் சே டென்டிஸ்ட்" என்றாள்.

வியாழக்கிழமை நல்ல காற்று. தேவநேசன் இஸ்திரி போட்ட சட்டையும் அதற்குமேல் வேலைக்குப் போகும் பழைய கோட்டும் போட்டுக்கொண்டான். கை முறிந்ததிலிருந்து விட்ட தாடி அப்படியே நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜூலியட் நீலப் புடவை கட்டி, குளிருக்குச் சால்வையால் தலையை மூடியிருந்தாள். கவர் அவன் உள்பையில் இருந்தது. பத்தடிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

கடைக் கண்ணாடியை உள்பக்கம் வெள்ளைத் துணியால் மறைத்திருந்தார்கள். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாம் கடைக்கு வாடிக்கையான கிழவன் கிழவிகள், கோட்டும் தொப்பியுமாக நின்றார்கள். இவர்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. விலகி வழி விட்டார்கள். ஒரு கிழவி ஜூலியட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நம்மளப் பாத்தா சவத்தப் பாத்த மாதிரியா இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே தேவநேசன் கதவைத் தட்டினான்.

"யாரது?" கொன்செட்டா அம்மாளின் குரல்தான்.

"நான்தாம்மா, தேவநேசன். பணம் கொண்டு வந்திருக்கேன்."

உள்ளே ஒரு நிமிஷம் குசுகுசுப்பு. பிறகு பத்துக் குரல் சேர்ந்து கத்தியது: "இங்கே இடமில்லை! போங்கள்!"

தேவநேசனுக்குக் காது அடைத்துவிட்டது. கடன்காரனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறான். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனைத் துரத்துவதை எங்கே பார்த்தான்? திரும்பினால், வாசலில் நின்ற கிழங்கள் எல்லாம் பல் தெரியச் சிரிக்கின்றன. தொப்பிக்காரக் கிழவர் ஒருவர், சால் என்று கடையில் கூப்பிடுவார்கள், பக்கத்துச் சந்தைக் காட்டி "அந்தக் கதவு, அந்தக் கதவு" என்றார்.

"தே ஆர் லாஃபிங் அட் அஸ்ப்பா" என்றாள் ஜெபினா.

சந்தில் மாவு மூட்டை இறக்கும் கதவு. தட்டினான். இந்தத் தடவை மகன்காரன் வின்னியின் குரல். "உங்களுக்கு இங்கே ஒன்றும் கிடையாது! வேறு இடம் பாருங்கள்!"

"ஏய்யா, நான் எதுவும் கேட்டு வரல! குடுக்க வந்திருக்கேன்!" என்று தமிழிலேயே கத்தினான். கதவு திறக்கவில்லை. குனிந்து கவரைக் கதவின் அடியில் செருகப் பார்த்தான். பாதி போய் மாட்டிக்கொண்டது. பின்னாலேயே வந்த கூட்டம் "நோ நோ நோ" என்று பதறியது. சால் கிழவர் கவரை உருவி, தூசி தட்டி, அவன் கோட்டுப் பைக்குள்ளேயே திரும்ப வைத்து, நெஞ்சில் தட்டிக் கொடுத்தார். பிறகு மூன்று விரலைக் காட்டினார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஜூலியட். அவள் கண் கலங்கியிருந்தது.

"போனா இன்னும் எத்தன நாளைக்குட்டி பின்தெரு வழியா நடக்கது? இன்னிக்குக் குடுத்துட்டுத்தான் போவேன். அந்தம்மா வாங்குனாலும் சரி, மூஞ்சில எறிஞ்சாலும் சரி."

பின்முற்றத்தில் மூன்றாவது கதவு. இந்த முறை தட்டவில்லை, முஷ்டியால் குத்தினான்.

"யாரது? எங்கிருந்து வருகிறீர்கள்?"

ஊரைக் கேட்டால் ரோஷம் வந்துவிடுகிறது மனிதனுக்கு. "தேவநேசன்!" என்று தெருவே அதிரக் கத்தினான். "நாசரேத்!"

உள்ளே ஏதோ தட்டு கீழே விழுந்து உருண்டது. பிறகு ஒரு பெரிய ஆரவாரம். கதவு படாரென்று திறந்தது.

அடுப்பறைக்குப் பின்னாலிருந்த கூடம். நாற்பது பேருக்குக் குறையாது, எழுந்து நின்று கைதட்டினார்கள். கொன்செட்டா அம்மாள் ஜூலியட்டைக் கட்டிப்பிடித்து ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். வின்னி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "நாசரேத்தாம் அம்மா! நிஜமாகவே நாசரேத்தாம்!" தூத்துக்குடி ஜில்லா என்று தேவநேசன் சொல்லிப் பார்த்தான். யார் காதிலும் விழவில்லை.

சுவரோரம் மூன்று படியாக மேடை. உச்சியில் கையில் குழந்தையோடு ஒரு புனிதரின் சுரூபம். லில்லிப் பூ, மெழுகுவத்தி, படி நிறைய ரொட்டி. தாடி போல ஒன்று, ஏணி போல ஒன்று, சுத்தியல் போல ஒன்று.

ஜூலியட் வாயில் கை வைத்தாள். அவள் பிறந்த வீடு ஆர்.சி., கத்தோலிக்கர்கள்; வாழ்க்கைப்பட்ட வீடுதான் வேறு சபை. "இன்னிக்குத் தேதி பத்தொம்பதுல்லா? சூசையப்பர் திருநாள். மறந்தே போச்சு."

வின்னி ஜெபினாவை உட்கார வைத்து எல்லாம் சொன்னான். அவள் அப்பனுக்குப் பாதி இங்கிலீஷில் சொன்னாள். தச்சரான சூசையப்பர் மனைவி பிள்ளையோடு தங்க இடம் கேட்டு அலைந்ததை நடித்துக் காட்டுவது இத்தாலியில் அவர்கள் ஊர் வழக்கமாம். வருஷா வருஷம் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பிள்ளை வந்து தட்டுவார்கள். முதல் ரெண்டு கதவில் விரட்டுவார்கள். மூன்றாவது கதவு திறக்கும். அந்த மூன்று பேரும் ருசி பார்க்காமல் மற்ற யாரும் சாப்பிடக் கூடாது. "ஸோ யூ ஆர் ஜோசப். அண்ட் ஐ ஆம் ஜீசஸ்" என்று முடித்தாள், ரொம்பப் பெருமையாக.

"இத முந்தியே சொன்னா என்ன?"

"சொல்லத்தான் வந்திருப்பா. நான் தலைய ஆட்டிட்டேன்லா" என்றாள் ஜூலியட்.

மூவரையும் மேசைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். ஆவி பறக்கப் பாஸ்தா வந்தது. மேலே வறுத்த ரொட்டித் தூள். தச்சனுக்கு மரத்தூள் என்று வின்னி கண் சிமிட்டினான். மரத்தூளை எதற்குத் தின்ன வேண்டும் என்று தேவநேசனுக்கு விளங்கவில்லை. விளங்காமல் போனதில் இது எத்தனையாவது என்றும் தெரியவில்லை. அவன் கவரை எடுத்துக் கொன்செட்டா அம்மாளிடம் நீட்டினான்.

அவள் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இன்றைக்குப் பணமா? சூசையப்பர் காசு கொடுப்பாரா? அந்தக் கடன் போயிற்று. எவ்வளவு என்றே மறந்துவிட்டேன்."

"எனக்கு மறக்கல. நூத்தி எண்பத்தாறு நாப்பது."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்திருப்பான். ஆனால் ஜெபினா, பாஸ்தாவையே பார்த்துக்கொண்டு, "யூஷுவலி தே பிக் அ புவர் ஃபேமிலி, வின்னி சொன்னான்" என்றாள்.

தேவநேசன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

அப்படியா சங்கதி. கடனைக் கட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போகலாம் என்று வந்தான். இவர்கள் கை தட்டி, தலைமாட்டில் உட்கார வைத்து, ஏழை என்று முத்திரை குத்தி அனுப்பப் பார்க்கிறார்கள். இனிமேல் இந்தக் கடைக்கு அவன் பணம் கொடுத்து ரொட்டி வாங்க வந்தாலும், பாவம் அந்த ஆள் என்றுதானே பார்ப்பார்கள்?

"பணத்த வாங்காம நான் சாப்பிட மாட்டேன்னு சொல்லு" என்றான்.

ஜெபினா சொன்னாள். கொன்செட்டா அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "வாங்க மாட்டேன். இன்றைக்கு வாங்கினால் பாவம்."

"அப்ப சூசையப்பர் சாப்பிட மாட்டாரு."

நாற்பது பேரும் தட்டைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். காலையிலிருந்து யாரும் வாயில் ஒன்றும் போடவில்லை. ஆவி குறைந்துகொண்டே வந்தது. ஒரு கிழவி கும்பிட்டாள். இன்னொருத்தி அதே கையை முஷ்டியாக்கிக் காட்டினாள். சால் கிழவர் எழுந்து வந்து குனிந்து, "புனிதரே, எனக்குச் சுகர் இருக்கிறது. ஒரு வாய் சாப்பிடும், உமக்குப் புண்ணியமாகப் போகும்" என்றார்.

"என்னங்க, எல்லாரும் பசியில கெடக்காங்க" என்று ஜூலியட் முழங்கையால் இடித்தாள். "ஒண்ணு அவ இறங்கணும், இல்ல நீங்க இறங்கணும்."

இறங்குவதா? அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். மேடையின் நடுப்படியில் ஒரு ரொட்டி கிடந்தது. ஒரு முழ நீளம், பல் பல்லாக வெட்டி, ரம்பம் மாதிரியே செய்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவனுக்கு நாசரேத் கோயில் வளாகம் நினைவுக்கு வந்தது. அறுவடைக் காணிக்கையாக வந்ததை எல்லாம் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை. ஒரு பூசணிக்காயை ஆட்டு விலைக்கு எடுப்பார்கள். ஒரே ஒரு கோழி முட்டையை ஏலத்தில் எடுத்தவன் திரும்பக் காணிக்கையாக வைக்க, அடுத்தவன் அதைவிடக் கூட வைத்து எடுப்பான். முட்டைக்கு இவ்வளவா என்று ஒருத்தன் கேட்க மாட்டான். எடுத்தவனை ஏழை என்றும் ஒருத்தன் சொல்ல மாட்டான்.

எழுந்து போய் அந்த ரம்ப ரொட்டியைக் கையில் எடுத்தான். மேடைமேல் கை வைத்துவிட்டானே என்று கூடமே மூச்சை இழுத்தது.

"அது விற்பனைக்கு இல்லை!" என்றான் வின்னி.

"விற்பனை இல்லடே, ஏலம். ஏட்டி ஜெபினா, ஏலம்னா இங்கிலீஷ்ல என்ன? சொல்லு அவங்ககிட்ட." ரொட்டியைத் தலைக்குமேல் தூக்கினான். "நூத்தி எண்பத்தாறு டாலர் நாப்பது சென்ட்! ஒரு தரம்!"

இப்போது குழம்பியது அவர்கள் முறை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு தரம்!"

மூலையிலிருந்து ஒரு கிழவி கையைத் தூக்கி, "இருநூறு!" என்றாள்.

தேவநேசன் கவரைப் பார்த்தான். கையில் இருப்பதே அவ்வளவுதான். அவன் முகம் போன போக்கைக் கொன்செட்டா அம்மாள் பார்த்தாள். கவரைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். பிறகு மூலைக்குத் திரும்பி இத்தாலி பாஷையில் ஒரு கத்துக் கத்தினாள். கிழவியின் கை தானாக இறங்கியது.

கொன்செட்டா அம்மாள் அவன் முன்னால் வந்து நின்று, சால் காட்டிய மாதிரியே மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். வின்னி மாவு தேய்க்கும் கட்டையால் மேசையில் ஓங்கி ஒரு அடி போட்டான்.

"மூணு தரம்" என்றான் தேவநேசன். கவரை நீட்டினான்.

அவள் கவரை வாங்கினாள். "எண்ணும்மா" என்றான். எல்லாருக்கும் முன்னால் எண்ணினாள், நாற்பது சென்ட் சில்லறை உட்பட. சுரூபத்தின் காலடியில் ஏழைகளுக்கென்று ஒரு காணிக்கைக் கூடை இருந்தது. அவள் கை அந்தப் பக்கம் போய், பாதியில் நின்றது. அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பணத்தை மடித்து, கடையில் கல்லாவில் நிற்கும்போது போட்டுக்கொள்ளும் அதே ஏப்ரன் பைக்குள் வைத்தாள்.

"சரியாக இருக்கிறது. இனி பாக்கி இல்லை" என்றாள். "இப்போதாவது சாப்பிடுவாயா, நாசரேத்துக்காரா?"

தேவநேசன் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மரத்தூள் பாஸ்தாவில் ஒரு வாய் எடுத்தான். அவன் மென்று விழுங்குவதற்குள் நாற்பது முள்கரண்டியும் தட்டில் இறங்கிவிட்டன. முதல் ஆள் சால் கிழவர்தான்.