நடுவுக்குப் போன பெஞ்ச்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் கலைத் தாகம் அல்ல, என் இடுப்பு. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் குப்பையும் முள்ளுமாகக் கிடந்த காலி மனையைத் தன்னார்வலர்கள் சேர்ந்து பூங்காவாக்கத் தொடங்கியபோது, ஞாயிறுதோறும் மண்வெட்டி பிடிக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றார் குழுத் தலைவர். எங்கள் வீட்டிலிருந்து என் மனைவி போனாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சும்மா இருப்பவனைக் கண்டால் தலைவருக்குப் பொறுக்காது. "சரி, நீங்க எழுதுங்க" என்றார். நம் முயற்சியைப் பற்றி எழுச்சிமிகு கட்டுரை ஒன்று. திறப்பு விழாவில் வாசிக்கப்படுமாம்.

எழுச்சி வரவில்லை. கதைதான் வந்தது. அதுவும் ஒழுங்காக வரவில்லை என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பூமித்தாயின் புன்னகை..." (அடித்துவிட்டேன். பூமித்தாய் சிரித்து நான் பார்த்ததில்லை.)

அடுத்தது: "ஒரு காலத்தில் எங்கள் பகுதியில் குருவிகள்..." (குருவிகள் இப்போதும் இருக்கின்றன. எச்சமிடுவதற்கு என் பால்கனிக்குத்தான் வருகின்றன.)

அதற்கும் அடுத்தது: "வாசலை ஒட்டி, மர நிழலில், ஒரு பெஞ்ச் இருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். இதில் பொய் இல்லை. இரும்புக் கால், மரப்பலகை, லேசாக இடப்பக்கம் சாய்வு. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. குப்பை மேடாக இருந்த காலத்திலும் அந்த மனையில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

3

தலைவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். அவர் போனதில் ஓய்வு பெற்றது வங்கிதான் என்பார்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள். எங்கள் குழுவுக்குப் 'பசுமைப் பாதுகாப்புப் பேரவை' என்று பெயர் வைத்தது அவர்தான். அப்போது பாதுகாக்கப் பசுமை எதுவும் இல்லை.

நக்கல் என் தொழில் என்றாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். குப்பை போனது. புல் வந்தது. தலைவரே முழங்கால் வரை சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டினார். (இந்தப் பத்தி கதைக்கு இடைஞ்சல். வில்லனாக வைக்கலாம் என்று பார்த்தால் மனிதர் வேலை செய்கிறார்.)

பிறகு அவருக்கு அழகுணர்ச்சி வந்தது.

"உள்ள நுழைஞ்சதும் கண்ணு நேரா நடுவுக்குப் போகணும்" என்றார். பெஞ்சைப் புல்வெளியின் நட்ட நடுவுக்கு மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கண் போகிற இடத்துக்குக் கால் எப்படிப் போகும் என்பது பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை.

இந்தக் கூட்டம் நடந்த இடம் அந்தப் பெஞ்சு.* இடம் போதாமல் சிலர் கைப்பிடி மேல்கூட உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசல் வரை ஒருவர் வந்தார். பெஞ்ச் நிறைந்திருப்பதைப் பார்த்தார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முக்கியமான விவாதம்.

* உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது பற்றி ஓர் உவமை யோசித்தேன். தேவைப்படவில்லை. நடந்ததே போதும்.

4

திரும்பிப் போனவர் எதிர்வீட்டு ஓட்டுநர். பேருந்து ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கால் பாதி போய்விட்டது.

இங்கேதான் எனக்குத் தயக்கம். இப்படி ஒருவரைக் கதைக்குள் விட்டால் வாசகர் உடனே கைக்குட்டையைத் தேடுவார். அதனால் சொல்லிவிடுகிறேன், அவர் நல்லவர் இல்லை. பேருந்து ஓட்டிய காலம் முழுக்க, நிறுத்தத்துக்கு ஒரு கை தள்ளி நின்றவர்களைக்கூட ஏற்றாமல் போனவர். மழையில் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியவர்களில் நானும் உண்டு. பின்னாளில் ஒருமுறை கேட்டேன். "நீங்க நின்ன எடத்துலல்லாம் நிறுத்தினா அது பஸ் இல்ல தம்பி, மாட்டு வண்டி" என்றார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சலுகை ஏதும் கிடையாது.

5

திறப்பு விழாவுக்கு எல்லோரும் வெள்ளைக் கால்சட்டை அணிய வேண்டும் என்று உத்தரவு. என்னுடையது இடுப்பில் பூட்டவில்லை. பிரித்துத் தைக்க ஓட்டுநரின் மனைவியிடம் கொடுத்தேன். முன்னறையே அவருடைய தையற்கடை. மெஷினைச் சுற்றித் துணி வெட்டல்கள், கழுத்தில் அளவு நாடா. சுவரோரக் கட்டிலில் ஓட்டுநர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாலை ஐந்து மணி. வழக்கமாக அவர் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் நேரம். பெஞ்சைத் தூக்கி நடுவில் வைத்ததிலிருந்து அவர் வாசல் தாண்டவில்லை.

ஒரு வீல்சேர்... (வேண்டாம். கேட்டேன். முறைத்தார்.)

வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுபோய் மரத்தடியில் போடலாமே என்றேன். போட்டுப் பார்த்தாராம் தையற்காரம்மா. பூங்கா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார நான் என்ன வாட்ச்மேனா என்று அவர் அதை ஊன்றுகோலால் தள்ளிவிட்டாராம்.

அந்தம்மா மெஷினை நிறுத்தினார். "போறதுக்கு அவருக்குக் கால் இருக்கு சார். அங்க உக்காந்து எந்திரிச்சாதான் வர்றதுக்குக் கால் வரும். அந்த மரத்தடி வரைக்கும்தான் அவரால ஆகும். நடக்கறத நிறுத்தினா இருக்கற காலும் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

பிறகு என் இடுப்பை அளந்தார். அளவை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

6

தலைவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு தனி மனிதருக்காகப் பொது வடிவமைப்பை மாற்றினால் நாளை எல்லோரும் கேட்பார்கள் என்றார். அப்படி யார் கேட்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. தவிரவும், "கொஞ்சம் கூட நடந்தா அவருக்கும் நல்லதுதானே?"

மனைவியிடம் புலம்பினேன். இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு அவள் சொன்னாள்: "எல்லாரையும் நல்லாத்தான் கிண்டல் பண்ணியிருக்கீங்க. பெஞ்சு எங்க இருக்கு இப்போ?"

நடுவில் இருந்தது.

7

விழாவுக்கு முந்தின மாலை கொத்தனார் வந்து பெஞ்சின் கால்களுக்குக் குழி வெட்டிச் சிமெண்ட் ஊற்றினார். இறுக இரண்டு நாள் ஆகும், அதுவரை யாரும் உட்காரக் கூடாது என்றார். தலைவர் அதற்கும் வழி கண்டார். பெஞ்சைச் சுற்றி ரிப்பன் கட்டினார். உட்கார முடியாத பெஞ்சுக்குத் திறப்பு விழா. (நான் எதையும் மிகைப்படுத்தவில்லை.)

தலைவர் வாசலருகே மைக்கில் "பசுமை என்பது..." என்று ஆரம்பித்திருந்தபோது ஓட்டுநர் வந்தார். பழைய சீருடைச் சட்டை. ஆள் இளைத்துவிட்டதால் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது. ஓர் அடி பின்னால் தையற்காரம்மா, ஸ்டூல் இல்லாமல், வெறுங்கையோடு. நேராக மரத்தடிக்குப் போனார். அங்கே பெஞ்சின் கால்கள் இருந்த இடத்தில் புல்லில் நான்கு சொட்டைகள் இருந்தன. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஸ்டாப்ப மாத்தினா போர்டாவது வெப்பாங்க" என்றார். சத்தமாக அல்ல. மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

பிறகு நடுவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

8

பாதி வழியில் இடது கால் நடுங்குகிறது. நின்றுவிட்டார். கதையும் இங்கே நின்றுவிட்டது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவர் எட்டிவிடுகிறார், கூட்டம் கை தட்டுகிறது. எட்டினாலும் உட்கார முடியாது. தவிர, கை தட்டியவர்களை அவர் ஊன்றுகோலால் அடிப்பார்.

ஆ) தலைவர் மனம் மாறிக் கண்கலங்கி... இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

இ) யாரோ நாற்காலி கொண்டுவருகிறார்கள். புல் நசுங்கும் என்று நாற்காலிகளையெல்லாம் சாலையோரம் போடச் சொல்லியிருந்தார் தலைவர். தையற்காரம்மா அங்கேதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அது ஆகும். நாளை ஐந்து மணிக்கு?

ஆகவே முடிவு எழுதவில்லை. ஓட்டுநர் புல்வெளியில் நிற்கிறார். என் மனைவி போய் அவர் பக்கத்தில், தொடாமல், தோள் எட்டும் தூரத்தில் நிற்கிறாள். கொத்தனார் சொன்னதை நினைவுபடுத்துகிறேன்: சிமெண்ட் இறுக இரண்டு நாள். ஊற்றியது நேற்று மாலை. அதாவது இன்னும் பிடுங்கலாம்.

இது ஒருவர் தூக்கும் பெஞ்ச் அல்ல. ஒரு முனையை நான் பிடித்துவிட்டேன். ரிப்பன் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கால்சட்டையில் ஏதோ ஒரு தையல் விட்டுவிட்டது. தலைவர் மைக்கிலேயே என்னை என்னவோ கேட்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரம் சும்மாதான் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து அந்த முனைக்கு வாருங்கள். என் இடுப்பைப் பற்றி முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். கனமான பக்கம் உங்களுக்கு.