பதினாறு வாத்தியங்களும் ஒரு குரலும்

பாட்டு டீச்சரின் படுக்கையறைக்குள் புதுக் கம்ப்யூட்டர் வந்து மூன்று நாளாகிறது. பீரோவை நகர்த்தி, எதிரொலி வராமலிருக்கச் சுவரில் பழைய மெத்தையை ஆணியடித்து மாட்டி, மைக், ஹெட்போன், கீபோர்டு என்று ஒயர்களை இழுத்துவிட்டவர் அவள் கணவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரிவதில்லை.

குழந்தைப் பாடல்கள் ஐம்பதுக்கு ஓர் இசையமைப்பாளர் குரல் தேடிக்கொண்டிருந்தார். மாதிரிப் பாட்டை இன்று மாலை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால், பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தும் பிழைப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். பதினைந்து வருடமாக அவள் ஏங்கியது இதற்குத்தான்.

ஆனால் ஹெட்போனை மாட்டினாலே பாட்டு நொண்டியது.

"காதுல என் குரல் லேட்டா வருதுங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நீயே கேளு." பதிவைப் போட்டுக் காட்டினார். தப்பாகத்தான் இருந்தது. "வயசாச்சுல்ல, தாளம் நிக்கமாட்டேங்குது. எங்க ஆபீஸ் பொண்ணு நல்லா பாடும். வரச் சொல்லிட்டேன்."

அதைவிடக் கொடுமை, டீச்சரும் அதை நம்பியதுதான். மூன்று நாளாக வகுப்பில் தாளம் போடவே கை கூசியது.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ஹெட்போனை மாட்டி இரண்டு வரி பாடினாள். அவளும் நொண்டினாள்.

"சார், என் குரல் எனக்கே லேட்டா கேக்குது."

"அப்படியா? ஒரு நிமிஷம்மா." என்னமாய்க் குழைகிறார்! கை எங்கும் தேடவில்லை. நேராகப் போய் ஒரு பட்டியலைத் திறந்தது, குரல் எவ்வளவு தாமதமாக வரும் என்று காட்டும் எண்ணைக் குறைத்தது. அந்த வேகத்துக்குக் கம்ப்யூட்டர் ஈடுகொடுக்க முடியாமல், அவர் போட்டுவைத்திருந்த பின்னணி இசை படபடவென்று பொரிந்தது. அதில் பாதியை நிறுத்திவிட்டு, "இப்ப பாடும்மா" என்றார். அந்தப் பெண் பிசகாமல் பாடினாள்.

"இது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்றாள் டீச்சர்.

"தெரியும். அந்த நம்பரைக் குறைச்சா என் மியூசிக் கெட்டுப்போகுது. பதினாறு வாத்தியம் போட்டிருக்கேன், உனக்காக எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றியா? உனக்குத்தான் அனுபவம் இருக்கே, நீ சமாளிப்பேன்னு நெனச்சேன்."

தாளம் போய்விட்டது என்று அவளிடம் கூசாமல் சொன்ன அதே வாய். பாடிய பெண்ணுக்கே முகம் சுண்டிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி டீச்சரிடம் நீட்டினாள்.

"எழுந்திரிங்க" என்றாள் டீச்சர் கணவரிடம். எழுந்தார். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, டீச்சர் சொல்லச் சொல்ல, பதினாறு வாத்தியங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். டிக் டிக் என்ற தாளச் சத்தம் மட்டும் மிஞ்சியது. டீச்சர் ஒரே மூச்சில் பாடி முடித்தாள். மூன்றரைக்குப் பாட்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

"என் மியூசிக் இல்லாம எப்படி அனுப்புவே?" கணவர் எகிறினார்.

"அந்த இசையமைப்பாளர் கேட்டது என் குரலை. உங்க மியூசிக்கை யாருங்க கேட்டா?"