வரப்பு தாண்டியவள்

உப்பளத் தொழிலாளர் சங்கம் இரண்டாக உடைந்து மூன்று மாதம் ஆகியும், எதற்காக உடைந்தது என்று அமராவதிக்குத் தெளிவாகத் தெரியாது. சங்கக் கொடியேற்று விழா நோட்டீசில் யார் பெயர் முதலில் என்று தலைவர் ராஜாங்கத்துக்கும் செயலாளர் பச்சமுத்துவுக்கும் வந்த தகராறு என்றார்கள். அவள் புருஷன் சித்தார்த்தன் பச்சமுத்து கோஷ்டி. ஆகவே அவளும் அந்தக் கோஷ்டி. அவளை யாரும் கேட்கவில்லை. பதினைந்து வருடமாக அவளோடு உப்பு சுமந்த அம்சவல்லி, ராஜாங்கம் பக்கம் ஆகிப்போனாள். அந்த இருவரும் ஆள் அனுப்பினால்தான் உப்பளத்தில் வேலை. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். பேச்சு கிடையாது, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது.

சித்திரை வெயிலில் ஒருநாள், கூடையோடு வந்த அம்சவல்லி அப்படியே மடங்கி விழுந்தாள். அவள் கூட்டத்தார் தூரத்தில் உப்பு குவித்துக்கொண்டிருந்தார்கள். முகம் பாத்தித் தண்ணீரில் கிடந்தது. அமராவதி ஒன்றும் யோசிக்கவில்லை. வரப்பைத் தாண்டி ஓடி, அவளைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டு, வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள்.

கண் திறந்ததும் அம்சவல்லி சொன்னது, "போயிடுடி. பாக்கறாங்க."

பார்த்துத்தான் விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பச்சமுத்து சொல்லியனுப்பிவிட்டார், நாளையிலிருந்து அமராவதி வேலைக்கு வர வேண்டாம் என்று. சித்தார்த்தன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நாலு பேரு முன்னாடி நான் எப்படி நிக்கறது?"

"நான் போவலன்னா அவ செத்திருப்பா."

"சாவட்டுமே," என்றான். சொன்னபிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போனான்.

மறுநாள் ராஜாங்கம் கூப்பிட்டனுப்பினார். வேலை கேட்டுப் பார்க்கலாம் என்று அமராவதி போனாள். ரோட்டோரக் கொட்டகை நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

"அம்சவல்லி, நீயே சொல்லும்மா. அமராவதி நம்ம பக்கம் சேரத்தான வரப்பு தாண்டி வந்துச்சு?" என்றார் ராஜாங்கம்.

"இல்லீங்க, அது வந்து..." என்று அமராவதி ஆரம்பித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் அம்சவல்லியைப் பார்த்தார்கள். அம்சவல்லி தரையைப் பார்த்தாள். நாளைக்கு அவளுக்கும் வேலை வேண்டும்.

"ஆமாங்க," என்றாள்.

கைதட்டல் எழுந்தது. கூட்டத்திலிருந்து ஆராயி என்பவள் முன்னால் வந்து அமராவதியின் தோளில் ராஜாங்கம் கோஷ்டியின் பேட்ஜைக் குத்தினாள். ஊசி ஜாக்கெட்டைத் தாண்டிச் சதையில் ஏறியது. எதிரே ரோட்டில், ஒரு காலை ஊன்றி, சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான் சித்தார்த்தன். அமராவதி சட்டென்று கையை உயர்த்தினாள். அவனைக் கூப்பிடவா, பேட்ஜைப் பிடுங்கவா என்று அவளுக்கே தெரியவில்லை. உயர்ந்த கையைக் கண்ட கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.