பெயிண்டர் ஒரு நாள் பணக்காரரான கதை

சுவரைத் தவிர எதில் வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்று மகள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தது பெயிண்டர்தான். அதனால், அவர் வேலைக்கு வந்திருந்த வீட்டுக்கார அம்மாவின் வெள்ளை நாய் நீல வாலோடு கூடத்துக்குள் ஓடி, சோபாவில் ஏறி நின்று அந்த வாலை ஆட்டியபோது, அவரால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. நாலு வயது வாண்டு அப்பா சொன்ன பேச்சைக் கேட்டிருந்தாள். சுவரில் ஒரு பொட்டுகூட இல்லை.

"என்னப்பா இது?" என்று அலறினார் வீட்டுக்கார அம்மா.

"தண்ணியில கழுவினா போயிடும்மா. ஆனா நாய்க்கு இந்த நீலம் எடுப்பாத்தான் இருக்கு."

நேரம் காலம் தெரியாமல் ஜோக்கடிப்பது அவருக்குக் கூடப்பிறந்த வியாதி.

"நீ பெயிண்ட் அடிக்க வர்றியா, பிள்ளை வளர்க்க வர்றியா? இந்த வாரக் கடைசிக்குள்ள குழந்தைக்கு ஒரு ஏற்பாடு பண்ணு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

ஏற்பாடு என்று சொல்வது சுலபம். மனைவி வேலை செய்யும் சலவை நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீராவி. குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். பெயிண்டர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே யோசித்தார். நாய் அவரைவிட உற்சாகமாக இருந்தது.

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அரசாங்க மழலையர் பள்ளி ஒன்று உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது என்று அதன் வாசலில் பெரிய பலகை தொங்கியது. அந்தக் கட்டடத்துக்குப் போன வருஷம் வெள்ளையடித்தவரே இவர்தான். பலகைமேல் சொட்டு விழக் கூடாதென்று காகிதம் சுற்றி மூடியவரும் இவரே. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத்தான் அப்போது தோன்றவில்லை.

நேராக உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். பெயிண்டர் தெருவில் கேட்டார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போனா சேர்க்க மாட்டாங்கண்ணே," என்றார் முடிதிருத்துபவர், கத்தரிக்கோலை நிறுத்தாமல். "யாராவது பெரிய மனுஷன் சொன்னா பாக்கலாம்," என்றார் மளிகைக் கடைக்காரர். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பெயிண்டருக்குத் தெரியும். வேலை எப்போது முடியும் என்று கேட்கிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்லும் பதிலும் அதுதான்.

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனார். அங்கே இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். குமாஸ்தா நிமிராமலே கேட்டார்: "மாச வருமானம் எவ்வளவு?"

பெயிண்டர்கள் உலகத்தில் வருமானம் என்றால், வீட்டுக்காரர் மொத்தமாகக் கையில் கொடுப்பது. பெயிண்ட் விலை, சுவரில் பூசும் பட்டியின் விலை, ஏணி வாடகை, கூட வரும் ஆளின் கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். அதிலும் இவர், இருந்ததிலேயே நல்ல மாதமாக ஒன்றைப் பொறுக்கியெடுத்து, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

குமாஸ்தா இப்போது நிமிர்ந்தார். "வரம்புக்கு மேல போகுதே சார். கஷ்டம்தான். பாக்கலாம்."

அந்த 'சார்' பெயிண்டரைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனது. அங்கே இறக்கிவிட்டது.

"நாம பணக்காரங்களாம்," என்றார் மனைவியிடம். "அரசாங்கமே சொல்லிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம். பணக்காரரே, அப்படியே அந்த ஒழுகற குழாயை மாத்திட்டு உட்காருங்க." நடந்ததை முழுக்கக் கேட்டதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, அதுல பெயிண்ட் கடைக்குப் போனது போக, ஏணிக்காரருக்குப் போனது போக, கூலி போக, நம்ம கையில என்னங்க நிக்குது?"

"கொஞ்சம்தான்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"அங்க நாலு பேர் இருந்தாங்கடி. அவங்க முன்னாடி எப்படி..."

"அந்த நாலு பேரா நாளைக்கு வந்து வாண்டுவைப் பாத்துக்கப் போறாங்க?"

பெயிண்டர் ஸ்பேனரை எடுத்தார். குழாயை மாற்றினார்.

காலையில் வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனார். இந்த முறை தலைமையாசிரியை இருந்தார். நேற்றைய அதே கூட்டம். பெயிண்டர் கையில் நிற்கும் தொகையை, மனைவியின் சம்பளத்தையும் சேர்த்து, மெதுவாகச் சொன்னார்.

"கேக்கல, கொஞ்சம் சத்தமா," என்றார் அம்மையார்.

வேறு வழியில்லாமல் சத்தமாகச் சொன்னார்; தெருவில் கேள்விப்பட்டதையும் சேர்த்தே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்த தள்ளுவண்டிக்காரர் மட்டும், "அட, நானும் சரக்கு விலையையும் சேர்த்துல்ல சொல்லிட்டேன்!" என்று எழுந்து நின்றார்.

தலைமையாசிரியை குமாஸ்தாவைப் பார்த்தார். "தொழில் செலவு போக எவ்வளவுன்னு இனிமே கேளுங்க. நாம கேட்ட விதமும் தப்பு." பிறகு பெயிண்டரிடம் திரும்பினார். "ரெண்டு பேரும் வேலைக்குப் போகலாம், அது தடையே இல்ல. சிபாரிசும் வேணாம். பிள்ளைக்கு நாலு வயசு ஆகியிருக்கணும், வீட்டு வருமானம் வரம்புக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான். இது யாரும் உங்களுக்குப் போடற தர்மம் இல்லப்பா. இவளை மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே ஒதுக்கி வெச்ச இடம். பெரியவங்க கௌரவம் பாத்துக்கிட்டு, சேர்க்கிற விதியை இங்க வந்து கேக்காம தெருவுல கேட்டுட்டுத் திரும்பிப் போனா, நஷ்டம் உங்களுக்கு இல்ல, பிள்ளைக்கு."

வாண்டு அதற்குள் ஒரு குட்டி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டாள். பெயிண்டர் அவளைப் பார்த்தார்.

"மேடம், ரெண்டு நாளா எல்லாரும் பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொல்றாங்க. நீங்களாவது நேரா சொல்லிடுங்க. என் பொண்ணுக்கு இடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு," என்றார் தலைமையாசிரியை. "அதுலதான் உட்கார்ந்திருக்கா."