தலைவர் அவர்கள் வழியாக

நகராட்சிக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். கூட்டம் தொடங்குமுன் போய்ப் பெயர் கொடுத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம். பேச விரும்பாதவர்கள் தங்கள் மூன்று நிமிடத்தை அங்கே வந்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். இந்த விதியைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பென்ஷன் என்று கூப்பிடுவோம், அவர் காதில் விழாதபடி. அவர் விதியைக் கண்டுபிடித்தார். தெரு என்னைக் கண்டுபிடித்தது.

எனக்கு வாய் நீளம். கேக் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதுவதற்குள் அந்தப் பெயருக்குரியவரின் மாமனார் மாமியார் வரை விசாரித்துவிடுவேன். ஆகவே தெருவே கூடித் தன் நிமிடங்களை என் தலையில் கட்டியது.

விஷயம் இதுதான். எங்கள் தெருக்கோடியில் பஸ் வந்து திரும்பும். அங்கே, சரியாக என் கடைக்கு எதிரில், பொதுக் கழிப்பறை கட்டலாமா என்று அன்றைக்கு ஓட்டெடுப்பு. தெரு கொதித்தது. வீட்டு விலை போச்சு என்றார் பென்ஷன். மானம் போச்சு என்றார் அழகு நிலையம் நடத்தும் பார்லர்க்காரம்மா. என் வியாபாரம் போச்சு என்றேன் நான்.

இதில் ஒரு சிறு சிக்கல். அந்த பஸ்ஸை ஓட்டுவது என் அக்கா. கூடப் பிறந்தவள். கழிப்பறை வேண்டும் என்று பேச அவளும் பெயர் கொடுத்திருந்தாள். எனக்கு அதில் உறுத்தலே இல்லை. கடையின் பின்பக்கக் கழிப்பறைச் சாவியை அவள் கேட்கும்போதெல்லாம் கொடுக்கிறேனே, அப்புறம் இவளுக்கு எதற்குத் தனியாக ஒன்று?

மன்றக் கூடத்தில் மின்விசிறிகள் காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தந்தன. மேடையில் உறுப்பினர்கள், நடுவில் தலைவர் அம்மா, அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி. பக்கத்தில் நேரம் பார்க்கும் எழுத்தர். அக்கா யூனிஃபார்மிலேயே வந்து மைக் முன்னால் நின்றாள்.

"தலைவர் அவர்களே, நான் அந்தத் தடத்துல பஸ் ஓட்டுறேன்…"

"பஸ் ஓட்டுறவங்க பஸ்ஸ ஓட்டுங்க, எங்க தெருவ விட்டு எங்கள ஓட்டாதீங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார் பார்லர்க்காரம்மா.

மணி அடித்தது. "இங்க யாரும் யாரையும் பார்த்துப் பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் என்னைப் பார்த்துச் சொல்லணும். மரியாதையா" என்றார் தலைவர்.

"சரிங்க. தலைவர் அவர்களே, நான் பஸ்ஸ அங்க ஓட்டலைன்னா அவங்க பார்லருக்கு ஈ காக்கா வராதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க." மேலே தொடர்ந்தாள். "காலையில வண்டிய எடுத்தா நாங்க ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சா போகணும். ஆம்பளைங்க ஏதாவது ஒரு சுவரப் பாத்து ஒதுங்கிடறாங்க. நாங்க எங்க போறது?"

என் வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன். "தலைவர் அவர்களே! கேக் கடையில சாவி தர்றாங்களா இல்லையான்னு அந்த டிரைவர் அவர்களக் கேளுங்க."

"நீங்க யாரு?"

"அவங்க தம்பிங்க."

தலைவர் எங்கள் இருவர் மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தலைவர் அவர்களே, அந்தச் சாவிய எதுல கட்டித் தர்றார்னு தம்பி அவர்களக் கேளுங்க. தொலைஞ்சிடக் கூடாதாம், இத்தாம் பெரிய கேக் தட்டுல கட்டி வச்சிருக்கார். யூனிஃபார்மோட அதத் தூக்கிக்கிட்டு கடைக்குள்ள பின்பக்கம் வரைக்கும் நடக்கணும். பஸ்ஸுல இருக்கிற அத்தனை பேரும் எட்டிப் பாக்கிறாங்க. திரும்பி வந்தா ஒருத்தன் கை தட்டுறான்."

கூடம் குலுங்கிச் சிரித்தது. எங்கள் ஆட்கள்தான் அதிகம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு கிளம்பி, தொண்டை வரை வந்து, வழி தெரியாமல் நின்றுவிட்டது.

"அதான் சாவி கேக்கிறதையே விட்டுட்டேன். போன மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். காய்ச்சல்னு வீட்டுல சொன்னேன். காய்ச்சல் இல்லீங்க, கிட்னியில கிருமி. இது ரெண்டாவது வாட்டி. இன்னொரு வாட்டி வந்தா வண்டி ஓட்டுறத விட்டுடணும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் இந்த ஸ்டியரிங்கப் பிடிக்க…"

மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்ததென்று எழுத்தர் மைக்கை அணைத்தார். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

காய்ச்சல் என்றதை நம்பி ஆஸ்பத்திரிக்கு க்ரீம் பன் கொண்டுபோனவன் நான்.

அடுத்து என் முறை. "தெருவாசிகள் கொடுத்த நேரமும் இவருக்குச் சேரும்" என்றார் எழுத்தர். காகிதத்தைப் பிரித்தேன். 'மணம் கமழும் எங்கள் தெருவின் மாண்பு' என்று தொடங்கியிருந்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"தலைவர் அவர்களே, அக்கா பாதியில நிக்கிறா. என்கிட்ட நேரம் மூட்டை மூட்டையா இருக்கு. அவளே பேசட்டும்."

மைக் இல்லாமலே அக்காவின் குரல் வந்தது. "எனக்குப் பிச்சை வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க, தலைவர் அவர்களே."

"வேணும்னாலும் முடியாது" என்றார் எழுத்தர். "வாங்கின நேரத்தக் கைமாத்தி விட முடியாது. பேசுங்க, இல்ல உக்காருங்க."

"படிய்யா பேப்பர!" என்று முதுகுப்பக்கம் சீறினார் பென்ஷன்.

காகிதத்தை மடித்தேன். "அந்தக் கழிப்பறை வரட்டும்" என்றேன்.

கூடமே எழுந்துவிட்டது.

"துரோகி! என் மூணு நிமிஷத்தக் குடு!"

"என்னுதையும் குடு!" என்றார் பார்லர்க்காரம்மா, கைப்பையை ஓங்கியபடி.

"தலைவர் அவர்களே, இது நம்பிக்கை மோசடி. கொடுத்தத நாங்க வாபஸ் வாங்குறோம்" என்றார் பென்ஷன்.

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தலைவரின் காதில் ஏதோ சொன்னார். "கொடுத்தது கொடுத்ததுதான். அவர் பேசலாம்" என்றார் தலைவர்.

தெருவின் மொத்த நேரமும் என் கையில். சொல்ல ஒரு வார்த்தை இல்லை. உளறத் தொடங்கினேன்.

"நாத்தம் வரும்னு சொல்றோம். இப்ப என்ன வாசனையா வருது? தினம் காலையில என் கடைப் பக்கச் சுவர வாளி வாளியா தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் அடுப்பப் பத்த வைக்கிறேன். பென்ஷன் தன் சுவர்ல 'இங்கு அசுத்தம் செய்யாதீர்'னு கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கார். வர்றவன் நிதானமா அதப் படிச்சுக்கிட்டே போறான்."

"யாருய்யா பென்ஷன்?" என்று பென்ஷன் கேட்டார்.

நான் அவசரமாகத் தொடர்ந்தேன். "சும்மா கட்டிப் பூட்டி வைக்காதீங்க. தண்ணி வேணும், விளக்கு வேணும், கழுவ ஆள் வேணும். உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும். எங்கக்கா வண்டி ஓட்டணும். அவ்வளவுதான். மிச்ச நேரத்த நீங்களே வச்சுக்குங்க."

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. கட்டி முடிக்கப் பல மாதம் ஆகும் என்றார் பொறியாளர், நல்ல செய்தி சொல்வதுபோல.

அந்த நேரத்தில் எங்கள் தெருவுக்குப் போகும் பஸ் ஒன்றுதான், அதை ஓட்டப்போவது அக்கா. தோற்ற தெரு மொத்தமும் வாயைக் கட்டிக்கொண்டு அதில் ஏறியது. என் பக்கத்தில் பார்லர்க்காரம்மாவின் கைப்பைகூட உட்கார மறுத்தது; மடியிலேயே வைத்துக்கொண்டார். "பேத்தி கேக்குக்குச் சொல்லி வச்சேனே, அது வேண்டாம்" என்றார் பென்ஷன், ஜன்னலைப் பார்த்து. வழி நெடுகிலும் அக்கா எல்லாப் பள்ளத்திலும் ஏற்றி இறக்கினாள். நான் பின்சக்கரத்துக்கு மேலிருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியும்.

தெருக்கோடியில் எல்லோரும் இறங்கினார்கள். நான் கடைசியாக இறங்கி அக்காவிடம் போனேன்.

"எப்படிப் பேசினேன்?"

"நாலு வார்த்தையில முடியுறத நாள் பூரா இழுத்த. சரி, கடையத் திற."

"இப்பவா? எதுக்கு?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே இல்லாமல் ரொட்டி வெந்திருக்கும். "எதுக்கா? அவங்க கட்டி முடிக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டே இருக்கவா?"

ஓடினேன். ஷட்டரின் பூட்டு வழக்கம்போல் அடம் பிடித்தது. இடுப்பளவு தூக்கியதுமே அக்கா குனிந்து உள்ளே போய்விட்டாள். பென்ஷனும் மற்றவர்களும் கலையாமல் எதிர்ப்பக்கம் நின்று முறைத்தார்கள். எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்த இன்னொரு பஸ்ஸிலிருந்து கண்டக்டர் பெண் ஒருத்தி இறங்கி, தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணே, நானும்…"

"போங்கம்மா, அக்கா வந்ததும்" என்று சொல்லி ஷட்டரை மேலே வரை தள்ளினேன். அது போட்ட சத்தத்தையும் மீறி உள்ளேயிருந்து அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"பல்பு போய் எத்தனை நாளாச்சுடா, எருமை!"