ஈரம் காயும்வரை

குன்றுச் சாலையின் வளைவில், பள்ளிக்கூட வாசலுக்கு நேரே, நடுச்சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் நெலிதா. அவள் காலடியில் சாலைக்குக் குறுக்கே, அப்போதுதான் பூசி முடித்த சிமெண்ட் மேடு. லீமா நகரத்தின் குளிர்காலத் தூவானம் விழுந்தும் விழாமலும் இருந்தது. இந்த ஈரத்தில் சிமெண்ட் சாயங்காலம்வரை இறுகாது. அதற்குள் ஒரு சக்கரம் ஏறினாலும் போச்சு.

"சிம்மாசனம் நல்லாத்தான் இருக்கு. கிரீடம்தான் குறைச்சல்," என்றாள் காசில்தா, பூச்சுக் கரண்டியால் மேட்டின் ஓரத்தை வழித்தபடி.

நெலிதா சிரித்தாள். காசில்தாவோடு சிரிப்பது இப்போதெல்லாம் அவளுக்கு எளிதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பொதுவேலைக்கு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்பது குன்றின் வழக்கம். படிகளும் தண்ணீர்க் குழாயும் அப்படி வந்தவைதான். முதல் வேகத்தடையையும் அப்படித்தான் கட்டினார்கள். காசில்தாவின் மகள் யெனியின் காலை ஒரு வேன் நசுக்கிய வாரம் அது. எவ்வளவு உயரம் என்று யாரும் யோசிக்கவில்லை. கோபம் எழுந்த உயரத்துக்குக் கட்டினார்கள். ஏறி இறங்கிய வேன்களின் அடிவயிறெல்லாம் உரசிக் கிழிந்தது. ஒரு விடிகாலையில் பார்த்தால் மேடு துண்டு துண்டாகக் கிடந்தது.

டிரைவர்கள் கூட்டமாக வந்து உடைத்துவிட்டார்கள் என்று குன்று முழுக்கப் பேச்சு. நெலிதா பேசவில்லை. அன்று துவைக்கப் போட்ட, வேன் ஓட்டும் தன் புருஷன் ரோமுலோவின் கால்சட்டை மடிப்பிலிருந்து சிமெண்ட் தூள் வாளித் தண்ணீரில் மெல்லப் பிரிந்து இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பை ஊதி ஊதிக் குடித்தான். கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவான், பொய் சொல்லத் தெரியாது. அதற்கப்புறம் காசில்தாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கேட்காமலே இருந்துவிட்டாள். உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு நீளவில்லை.

ஆனால் அவன் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், வாசலில் நின்ற வேனுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். தரையில் ஊன்றிய கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே வண்டியின் அடிப்பாகம் இடித்தது. இன்று காலை, புது மேடு உள்ளங்கை உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றது அவள்தான். "புருஷன் வண்டிக்கு வலிச்சிடுமோ?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

மேலிருந்து ஹாரன் கேட்டது. அவளுக்குத் தெரிந்த ஹாரன்.

ரோமுலோவின் வேன் இறங்கி வந்து, மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முனகி நின்றது. ஜன்னலில் கூடைக்காரி ஒருத்தி தலையை நீட்டினாள். "ஏ டிரைவரு, உன் பொண்டாட்டியை எந்திரிக்கச் சொல்லு! என் சோளமாவுத் தமால் எல்லாம் ஆறிப்போவுது!"

"எந்திரி நெலிதா," என்றான் அவன்.

"இன்னும் காயல."

"வண்டியில ஆளுங்க இருக்காங்க."

"இறங்கி நடக்கட்டும்."

"மறுபடியும் மலை மாதிரி கட்டி வச்சிருப்பீங்க. நான் என்னத்தை வச்சுப் பிழைக்கிறது?"

"குனிஞ்சு பாரு."

அவன் இறங்கினான். குந்தி உட்கார்ந்து மேட்டைப் பார்த்தான். திரும்பித் தன் வேனின் அடிவயிற்றைப் பார்த்தான். மறுபடியும் மேட்டை.

"யார் அளந்தது?"

"நான்தான். உன் வண்டிக்கு அடியில கையை விட்டு."

"எப்போ?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். வாளியில் இறங்கிய தூள் அவளுக்குள் இன்னும் அடங்கவில்லை.

"நீ உடைச்சியே, அதுக்கு மறுவாரம்."

காசில்தாவின் கரண்டி நின்றது. ரோமுலோ எழுந்தான். மனைவியைப் பார்க்கவில்லை, காசில்தாவை ஒரு கணம் பார்த்தான், அல்லது அவள் கையிலிருந்த கரண்டியை. பிறகு வேனுக்குப் போய் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டான். அங்கேதான் கடப்பாரை இருக்கும். நெலிதா நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சின் அணைந்தது. அவன் திரும்பி வந்தபோது இரு கைகளாலும் ஒரு கல்லை ஏந்தியிருந்தான். பிரேக்கை நம்ப முடியாத இறக்கங்களில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும், எண்ணெய்க் கறை படிந்த கருங்கல். முன்சக்கரத்துக்கும் ஈரச் சிமெண்ட்டுக்கும் நடுவே அதை வைத்து, குதிகாலால் இரண்டு தரம் அழுத்தினான். வேன் லேசாகச் சரிந்து கல்லின்மேல் சாய்ந்துகொண்டது.

காசில்தா இன்னும் அசையவில்லை. அவள் கரண்டி நுனியிலிருந்து சிமெண்ட் பால் சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழுந்துகொண்டிருந்தது.